எடைமேடை அறையில் இருக்கும் ஷேரிங் பிரிண்டர் ஏன் இவ்வளவு தாமதிக்கிறது?

மாங்கூழ்க் கணக்கர், கிருஷ்ணகிரி:

எங்கள் மாங்கூழ் ஆலையில் ஆறு கம்ப்யூட்டர்களுக்கு ஒரே ஒரு கறுப்பு வெள்ளை லேசர் பிரிண்டர்தான் இருக்கிறது. கேட்டை ஒட்டிய எடைமேடை அறையில், அங்குள்ள கம்ப்யூட்டரோடு யூஎஸ்பி கேபிளால் அது இணைக்கப்பட்டு, விண்டோஸ் ஷேரிங் மூலம் உள்ளே இருக்கும் மற்ற ஐந்துக்கும் பொதுவாக்கப்பட்டிருக்கிறது. பில்லை வாங்கிக்கொண்டு லாரி அங்கிருந்தே கிளம்ப வேண்டும் என்பதால்தான் பிரிண்டரை அங்கே வைத்தோம். எடைமேடைக் கம்ப்யூட்டரிலிருந்து அச்சிட்டால் உடனே வந்துவிடுகிறது. கணக்கு அறையிலிருந்து கொடுத்தால் முதல் தாள் வெளியே வருவதற்கு ஏறக்குறைய ஒரு நிமிடம் ஆகிறது. சரக்கு பில் என்பதால் வாங்குபவருக்கு, வண்டிக்கு, எங்களுக்கு என்று மூன்று படிகள் எடுக்க வேண்டும். வெளிமாநிலம் போகும் வண்டிக்கு இ-வே பில்லையும் (சரக்கை எடுத்துச் செல்வதற்கான ஜிஎஸ்டி ஆவணம்) சேர்த்துக் கொடுக்கிறோம். பெங்களூரா மாங்காய் வரத்து தொடங்கிவிட்டால் கேட்டில் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும்.

நாங்கள் விசாரித்த கடைக்காரர், கம்ப்யூட்டர்களை இணைக்கும் ஸ்விட்சைக் கிகாபிட்டாக (நொடிக்கு 1,000 மெகாபிட் வேகம்) மாற்றி எல்லாக் கேபிள்களையும் புதிதாக இழுக்க வேண்டும் என்கிறார். அந்தச் செலவைச் செய்வதற்கு முன் விவரம் தெரிந்தவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

வலைப்பணியாளர், ஓசூர்:

ஐயா, ஸ்விட்சை மாற்றாதீர்கள்; ஷேரிங்கை விடுங்கள். இப்போது உங்கள் பில் எடைமேடைக் கம்ப்யூட்டருக்குப் போய், அதன் டிஸ்க்கில் ஸ்பூல் கோப்பாக (அச்சு வரிசையில் காத்திருக்கும் தற்காலிகக் கோப்பு) எழுதப்பட்டு, அங்கிருந்து மீண்டும் படிக்கப்பட்டு, அதற்குப் பிறகுதான் யூஎஸ்பி வழியாகப் பிரிண்டரை அடைகிறது. எடை மென்பொருளையும் ஓட்டிக்கொண்டு ஐந்து பேரின் அச்சு வேலையையும் சுமக்கும் அந்த ஒரு கம்ப்யூட்டர் ஸ்லீப் நிலைக்குப் போனால் ஆலை முழுவதற்கும் அச்சு நின்றுபோகும். 2021 ஜூலையில், அச்சு வரிசையை நடத்தும் விண்டோஸ் ஸ்பூலரில் பெரிய பாதுகாப்புக் குறை ஒன்று வெளிப்பட்ட பிறகு வந்த அப்டேட்டுகளால், ஷேரிங் பிரிண்டருக்கு டிரைவர் என்னும் மென்பொருளை நிறுவவே நிர்வாகி உரிமை தேவைப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பர் அப்டேட்டுக்குப் பின் பல அலுவலகங்களில் ஷேரிங் இணைப்பே அறுந்துபோனது. அந்த இரண்டு மாதங்களும் ஓசூரில் நான் அலுவலகம் அலுவலகமாக அலைந்தேன்.

உங்கள் பிரிண்டரின் பின்புறம் நெட்வொர்க் கேபிள் செருகும் இடம் இருந்தால் அதை நேரே ஸ்விட்சில் இணையுங்கள். அதற்கு மாறாத ஐபி முகவரி (நெட்வொர்க்கில் அதை அடையாளம் காட்டும் எண்) ஒன்றைக் கொடுத்து, ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் டிசிபி/ஐபி போர்ட்டை உருவாக்கி, 9100 என்ற போர்ட் எண்ணில் அச்சை அனுப்புங்கள்; இதைத்தான் நேரடி ஐபி என்கிறோம். விண்டோஸ் தானாகக் கண்டுபிடித்துச் சேர்க்கும் டபிள்யூஎஸ்டி போர்ட்டைத் தவிருங்கள். அது பிரிண்டரை ஆஃப்லைன் என்று அடிக்கடி காட்டும்.

பிரிண்டர் மெக்கானிக், தர்மபுரி:

ஓசூர் நண்பரின் யோசனையை நான் ஏற்கவில்லை. நோய் எது என்று தெரியுமுன் மருந்தை எழுதிவிட்டார். ஒரே கம்ப்யூட்டர் வழியாக அச்சு போவதில் உள்ள நன்மையை அவர் கணக்கில் எடுக்கவே இல்லை: எல்லா வேலைகளும் ஒரே வரிசையில் நிற்பதால், எது யாருடையது, எது சிக்கிக்கொண்டிருக்கிறது என்பதை எடைமேடையில் உட்கார்ந்திருப்பவரே பார்த்து ரத்துசெய்யலாம். நேரடி ஐபிக்கு மாறினால் ஆறு கம்ப்யூட்டர்களில் ஆறு வரிசைகள் இருக்கும். பேப்பர் தீர்ந்து பிரிண்டர் நின்றிருக்கும்போது, உள்ளே இருப்பவர் அச்சு போகவில்லை என்று நினைத்து அதே பில்லை இரண்டு முறை, மூன்று முறை கொடுப்பார்; பேப்பர் வைத்ததும் அத்தனையும் வெளியே வரும், எந்தப் படி வண்டியோடு போனது என்று அப்புறம் தேட வேண்டியிருக்கும்.

மின்வெட்டையும் யோசியுங்கள். லேசர் பிரிண்டரின் ஃபியூசர் (மையைத் தாளில் சூட்டால் பதிக்கும் பகுதி) சூடேறும்போது இழுக்கும் மின்சாரம் சிறிய யூபிஎஸ்ஸால் தாங்க முடியாத அளவு என்பதால் அதை யூபிஎஸ்ஸில் மாட்டக் கூடாது. அப்படியானால் ஒவ்வொரு மின்வெட்டுக்கும் பிரிண்டர் அணைந்து எரியும். யூஎஸ்பியில் இருந்தால் கம்ப்யூட்டர் அதை உடனே அடையாளம் கண்டுகொள்ளும். நெட்வொர்க்கில் இருந்து, முகவரியைச் சரியாக நிலைநிறுத்தாமல் விட்டிருந்தால், மின்சாரம் திரும்பும்போது வேறொரு முகவரியைப் பெற்றுக்கொண்டு எல்லோரையும் தவிக்க விடும். இப்படிப்பட்ட அழைப்புகளுக்காக அரூருக்கும் பென்னாகரத்துக்கும் நான் போய் வந்த நாட்கள் பல.

ஆகவே கணக்கர் ஐயா முதலில் கடிகாரத்தை எடுங்கள். நோட்பேடில் ஒரு வரியையும், வழக்கமான பில் ஒன்றையும், எடைமேடையிலிருந்தும் கணக்கு அறையிலிருந்தும் தனித்தனியாக அச்சிடுங்கள். ஒவ்வொரு முறையும் கட்டளை கொடுத்ததிலிருந்து அச்சுப் பெட்டி திறக்க எத்தனை விநாடி, சரி என்று அழுத்தியதிலிருந்து எடைமேடை வரிசையில் வேலை முழுமையாக வந்து சேர எத்தனை விநாடி, அங்கிருந்து முதல் தாள் வர எத்தனை விநாடி என்று பிரித்து எழுதுங்கள். வரிசையில் அந்த வேலையின் அளவு எத்தனை எம்பி என்று காட்டும், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். மொத்தமாக ஒரு நிமிடம் என்று சொன்னால் அதில் யாருக்கும் எதுவும் விளங்காது.

கூட்டுறவு எழுத்தர், பாலக்கோடு:

எங்கள் அலுவலகத்தில் வைஃபை பிரிண்டர் வைத்த பிறகு இந்தக் கேபிள் தொல்லையே இல்லை. அதை முயன்று பார்க்கலாமே?

பிரிண்டர் மெக்கானிக், தர்மபுரி:

ஒரே அறையில் வேலை செய்பவர்களுக்கு அது பொருந்தும். பல பிரிண்டர்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையை மட்டுமே ஏற்கும். ஆலையின் தகரக் கூரையையும் இரும்புத் தொட்டிகளையும் தாண்டி எடைமேடை வரை அந்த அலை ஒழுங்காகப் போகும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன்.

மாங்கூழ்க் கணக்கர், கிருஷ்ணகிரி:

தர்மபுரி ஐயா சொன்னபடியே இன்று காலை அளந்தேன்.

எடைமேடைக் கம்ப்யூட்டரில் நோட்பேடு வரி 9 விநாடியிலும், பில் 14 விநாடியிலும் வந்துவிட்டன. கணக்கு அறையில் எதை அச்சிட்டாலும் அச்சுப் பெட்டி திறக்கவே 16 விநாடி ஆகிறது. அதன் பிறகு நோட்பேடு வரி எடைமேடை வரிசைக்கு 3 விநாடியில் போய்ச் சேர்ந்து, மேலும் 9 விநாடியில் தாள் வந்தது, மொத்தம் 28. பில் மட்டும் வரிசையில் முழுமையாகச் சேர 34 விநாடி எடுத்துக்கொண்டது, தாள் வர இன்னும் 10 விநாடி, மொத்தம் 60. அந்த பில்லின் அளவு வரிசையில் 38 எம்பி என்று இருந்தது. பிரவுசரில் பிடிஎஃப்பைத் திறந்து, மூன்று படிகள் என்று கொடுத்திருந்தேன்.

வலைப்பணியாளர், ஓசூர்:

அளந்து எழுதியதற்கு நன்றி. நான் முதலில் சொன்னதில் ஒரு பகுதியைத் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது, ஏனென்றால் எடைமேடைக் கம்ப்யூட்டரின் டிஸ்க்கையும் ஸ்பூலரையும் நான் குற்றம் சாட்டினேன். உங்கள் கணக்கில் அவை அதிக நேரம் எடுக்கவில்லை.

ஒரு எம்பிக்கு எட்டு மெகாபிட் என்பதால் 38 எம்பி என்பது 304 மெகாபிட். நொடிக்கு 100 மெகாபிட் போகும் சாதாரணப் பழைய ஸ்விட்சிலேயே அது மூன்று நான்கு விநாடியில் போய்விட வேண்டும். 34 விநாடி ஆகிறது என்றால் வழியில் எங்கோ நொடிக்கு 10 மெகாபிட்டுக்கு மேல் போகவில்லை என்று பொருள். 304-ஐப் 10-ஆல் வகுத்தால் 30 விநாடி வருகிறது, மீதி நான்கு விநாடி வழக்கமான கூடுதல் சுமை. எடைமேடைக் கம்ப்யூட்டரில் நெட்வொர்க் கார்டின் நிலையைத் திறந்து வேகம் எவ்வளவு என்று பாருங்கள். அந்தக் கேபிள் எத்தனை மீட்டர், எந்த வழியாகப் போகிறது என்பதையும் சொல்லுங்கள்.

ஒரு பில் ஏன் 38 எம்பி ஆகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். ஏ4 தாளை 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி) அடர்த்தியில் படமாக்கினால் 4,960-க்கு 7,016 புள்ளிகள், அதாவது ஏறக்குறைய 3.5 கோடி புள்ளிகள். புள்ளிக்கு ஒரு பிட் என்றால் தாளுக்கு 4.3 எம்பி போதும். சாம்பல் நிறப் படமாகப் புள்ளிக்கு எட்டு பிட் என்றால், சுருக்குவதற்கு முன் 35 எம்பியைத் தொடும். எழுத்தை எழுத்தாக அனுப்பும் நோட்பேடு விரைவதற்கும், பக்கத்தையே படமாக்கி அனுப்பும்போது பில் திணறுவதற்கும் இதுவே காரணம். பிடிஎஃப்பைப் பிரவுசரில் அச்சிடாமல் கம்ப்யூட்டரில் சேமித்து, தனி பிடிஎஃப் மென்பொருளில் திறந்து அச்சிட்டு அளவு குறைகிறதா என்று பாருங்கள்.

பிரிண்டர் மெக்கானிக், தர்மபுரி:

ஓசூர் நண்பரின் கணக்கு சரியானது. ஆனால் அவர் அந்த 16 விநாடியைத் தொடவில்லை. கோப்பு பெரிதானாலும் சிறிதானாலும் மாறாமல் நிற்கும் தாமதத்துக்கும் கேபிளுக்கும் தொடர்பில்லை. கம்ப்யூட்டர் யாரையோ கூப்பிட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறது. கணக்கு அறைக் கம்ப்யூட்டரில் பிரிண்டர் பட்டியலைத் திறந்து பாருங்கள். இப்போது இல்லாத கம்ப்யூட்டரின் ஷேரிங் பிரிண்டர் ஏதாவது அதில் இன்னும் இருந்தால் நீக்கிவிடுங்கள். அச்சுப் பெட்டி திறக்கும்போது அந்த இறந்துபோன பிரிண்டரையும் தேடி, கிடைக்காமல், காலக்கெடு முடியும் வரை காத்திருக்கக்கூடும்.

கேபிள்தான் குற்றவாளி என்றால், பிரிண்டரை நேரடி ஐபிக்கு மாற்றினாலும் அதே கேபிளில்தானே பில் போயாக வேண்டும்? எடைமேடையில் இருப்பவருக்கு இன்று 14 விநாடியில் வருவதையும் அந்த மாற்றம் கெடுத்துவிடக்கூடும் என்பதால்தான் நான் முதலிலேயே தடுத்தேன்.

வலைப்பணியாளர், ஓசூர்:

அந்தப் பயம் தேவையில்லை. எடைமேடை அறையில் ஐந்து போர்ட் ஸ்விட்ச் ஒன்றை வைத்து, அதில் கம்ப்யூட்டரையும் பிரிண்டரையும் சேர்த்தால், அவற்றுக்கிடையே போகும் அச்சு நீண்ட கேபிளை எட்டிக்கூடப் பார்க்காது. ஆனால் கேபிளைச் சரிசெய்யாமல் உள்ளே இருப்பவர்களுக்கு எந்த வழியிலும் விடிவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

மாங்கூழ்க் கணக்கர், கிருஷ்ணகிரி:

இருவர் சொன்னதும் பலித்தது. கணக்கு அறைப் பட்டியலில், சென்ற ஆண்டு கழித்துவிட்ட பழைய கம்ப்யூட்டரின் பிரிண்டர் இரண்டு பெயர்களில் இருந்தது. இரண்டையும் நீக்கியதும் அச்சுப் பெட்டி 2 விநாடியில் திறக்கிறது. ஒன்றரை ஆண்டாக நாங்கள் இதைக் கவனிக்காமல் இருந்திருக்கிறோம் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

எடைமேடைக் கம்ப்யூட்டரில் கார்டின் வேகம் 10 எம்பிபிஎஸ் (நொடிக்கு 10 மெகாபிட்) என்றே இருந்தது. உள்ளே போய்ப் பார்த்தால், தானாகத் தேர்ந்துகொள்ளும் நிலையில் விடாமல் யாரோ 10, அரை டூப்ளெக்ஸ் (ஒரு நேரத்தில் ஒரு திசையில் மட்டும் தகவல் போகும் முறை) என்று நிலைநிறுத்தி வைத்திருக்கிறார்கள். அதைத் தானியங்கிக்கு மாற்றினால் வேகம் 100 என்று வருகிறது, ஆனால் சில நிமிடங்களுக்கு ஒருமுறை இணைப்பு அறுந்து திரும்புகிறது. கேபிளைச் சுவரோரமாக அடி அடியாக அளந்தேன்: 130 மீட்டர். பழம் இறக்கும் கொட்டகையின் ஓரத்தில் ஓர் இடத்தில் ஒட்டு போட்டு டேப் சுற்றியிருக்கிறது.

வலைப்பணியாளர், ஓசூர்:

கதை விளங்கிவிட்டது. இந்த வகைக் கேபிளுக்கு எல்லை 100 மீட்டர். அதைத் தாண்டி இழுத்ததோடு நடுவில் ஒட்டும் போட்டதால் இணைப்பு நிலைக்கவில்லை. அதைச் சமாளிக்க யாரோ வேகத்தை 10-க்கு இறக்கிவிட்டுப் போயிருக்கிறார். ஒரு முனையை மட்டும் கையால் நிலைநிறுத்தும்போது பெரும் ஆபத்து இன்னொன்றும் உண்டு: முழு டூப்ளெக்ஸ் (ஒரே நேரத்தில் இரு திசையிலும் போகும் முறை) என்று வைத்திருந்தால் மறுமுனையில் தானியங்கியாக இருக்கும் ஸ்விட்ச் அரை டூப்ளெக்ஸுக்கு இறங்கி, மோதல்களால் நிலைமை இதைவிட மோசமாகியிருக்கும்.

கொட்டகையில் மின்சாரம் இருந்தால், நடுவில் சிறிய ஸ்விட்ச் ஒன்றைப் பெட்டிக்குள் வைத்து, கேபிளை 100 மீட்டருக்குக் குறைந்த இரண்டு துண்டுகளாக ஒட்டில்லாமல் புதிதாக இழுங்கள். தாமிரம் பூசிய அலுமினியக் கேபிள் மலிவாகக் கிடைக்கும். அதை வாங்க வேண்டாம், முழுத் தாமிரம் என்று கேட்டு வாங்குங்கள். இருப்பினும் நான் செய்வதாக இருந்தால் கேட் வரைக்கும் ஃபைபர்தான் இழுப்பேன். கோடை மழையின் இடிமின்னலில், திறந்த வெளியில் ஓடும் தாமிரக் கேபிளின் இரு முனைகளிலும் போர்ட்டுகள் கருகிப்போனதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஃபைபரில் மின்சாரம் பாயாது, தூரமும் பொருட்டில்லை.

பிரிண்டர் மெக்கானிக், தர்மபுரி:

ஃபைபர் நல்லதுதான், ஆனால் எலியோ வண்டிச் சக்கரமோ அதை அறுத்துவிட்டால் சீசன் நடுவில் ஒட்டுவதற்கு ஆளும் கருவியும் தேட வேண்டும். கொட்டகை ஸ்விட்சை யூபிஎஸ்ஸோடு வையுங்கள், கேபிளைக் குழாய்க்குள் விடுங்கள், இந்த ஆண்டுக்கு அது போதும் என்பது என் கருத்து. மூன்று படிகளுக்குப் பிரவுசரில் எண்ணைக் கூட்டாமல் பிரிண்டர் டிரைவரின் அமைப்பில் படிகளைக் கொடுத்துப் பாருங்கள். பிரிண்டரே படியெடுக்கும் வசதி இருந்தால் பில் ஒருமுறை மட்டும்தான் கேபிளில் போகும்.

மாங்கூழ்க் கணக்கர், கிருஷ்ணகிரி:

கொட்டகையில் ஸ்விட்ச் வைத்து, முழுத் தாமிரக் கேபிளைக் குழாய்க்குள் இரண்டு துண்டுகளாக இழுத்துவிட்டோம். இரண்டும் 80 மீட்டருக்குள் அடங்கிவிட்டன. இரு முனைகளிலும் வேகம் தானியங்கியில் இருக்கிறது, 100 என்று அறுபடாமல் நிற்கிறது. படிகளை டிரைவரில் கொடுத்ததும் பில்லின் அளவு 13 எம்பிக்கு இறங்கியது. கணக்கு அறையிலிருந்து அதே பில் இப்போது 14 விநாடியில் வருகிறது. பழைய ஸ்விட்சே தொடர்கிறது.

நேரடி ஐபியா, ஷேரிங்கா என்பதில் நான் இன்னும் முடிவு செய்யவில்லை. எடைமேடைக் கம்ப்யூட்டர் ஸ்லீப் நிலைக்குப் போகாதபடி அமைத்துவிட்டு, சீசன் முடியும் வரை ஷேரிங்கிலேயே ஓட்டுகிறேன். ஆகஸ்டில் வண்டிகள் குறைந்த பிறகு, ஓசூர் ஐயா சொன்ன ஐந்து போர்ட் ஸ்விட்சை எடைமேடையில் வைத்து, பிரிண்டருக்கு ரவுட்டரில் முகவரியை ஒதுக்கி, கணக்கு அறையை மட்டும் 9100-க்கு மாற்றிப் பார்த்து, அதே நோட்பேடு வரியோடும் அதே பில்லோடும் மறுபடி அளந்து இங்கே எழுதுகிறேன்.