பழைய கம்ப்யூட்டரை ரௌட்டர் ஆக்கினேன், அதிலிருந்து பிங் போகிறது, லேப்டாப்பில் மட்டும் நெட் இல்லை

மின்மினி:
சும்மா கிடந்த டெஸ்க்டாப்பில் ஓப்பன்டபிள்யூஆர்டி (OpenWrt, ரௌட்டருக்கான இலவச மென்பொருள்) போட்டிருக்கிறேன். போர்டிலேயே ஒரு ஈதர்நெட் போர்ட், கூடவே ஒரு பழைய இன்டெல் நெட்வொர்க் கார்டு. மோடத்தை பிரிட்ஜ் மோடில் (ரௌட்டர் வேலை செய்யாமல் இணைப்பை மட்டும் கடத்தும்படி) வைத்து பிபிபிஓஇ (PPPoE, இணைய நிறுவனத்துக்கான லாகின் முறை) விவரங்களை இதில் கொடுத்தேன், கனெக்ட் ஆகி ஐபியும் வந்துவிட்டது. டயக்னாஸ்டிக்ஸ் பக்கத்தில் 8.8.8.8க்கு பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனை) போகிறது. லேன் (LAN, வீட்டு நெட்வொர்க்) பக்கம் மாட்டிய லேப்டாப்புக்கும் ஐபி கிடைக்கிறது, ஆனால் ஒரு தளமும் திறக்கவில்லை. கார்டு போய்விட்டதா?

பழையஇரும்பு:
மோடமும் 192.168.1.1, ஓப்பன்டபிள்யூஆர்டியும் அதே முகவரி என்றால் குழப்பம் வரும். லேனை 192.168.10.1 என்று மாற்றிப் பாருங்கள்.

மின்மினி:
மாற்றிவிட்டேன், அதே கதைதான்.

கடைசிபோர்ட்:
பிரிட்ஜ் மோடில் அந்தப் பிரச்சினை வராது, மாற்றியதில் நஷ்டமும் இல்லை. கார்டு மேல் சந்தேகம் வேண்டாம், ஒரு பக்கம் பிபிபிஓஇ ஏறுகிறது, மறுபக்கம் லேப்டாப்புக்கு ஐபி போகிறது, இரண்டு போர்ட்டும் நன்றாகத்தான் இருக்கின்றன. ஏற்கனவே இருந்த வேன் (WAN, வெளி இணையப் பக்கம்) இன்டர்ஃபேஸை மாற்றினீர்களா, இல்லை புதிதாக ஒன்று உருவாக்கினீர்களா? புதிது என்றால் அதன் ஃபயர்வால் ஜோன் (எந்த விதிகள் அதற்குப் பொருந்தும் என்று சொல்லும் குழு) காலியாக இருக்கும். ரௌட்டர் தானே வெளியே போக அது தடையில்லை, ஆனால் லேனிலிருந்து வருவதை வேன் ஜோனுக்குத்தான் அனுப்பும், நாட் (NAT, வீட்டு ஐபிகளை ரௌட்டரின் ஒரே வெளி ஐபியாக மாற்றுவது) வேலையும் அங்கேதான் நடக்கிறது.

மின்மினி:
புதிதுதான், ஜோன் காலி! நானே ஒரு ஜோன் உருவாக்கி மாஸ்கரேடிங் (அந்த நாட் வேலைதான்) டிக் செய்து லேனிலிருந்து வழிவிட்டேன், நெட் வந்துவிட்டது. இப்போது வேறு தலைவலி: சில தளங்கள் உடனே வருகின்றன, சிலது சுற்றிக்கொண்டே நிற்கின்றன. பிங் மட்டும் எல்லாவற்றுக்கும் போகிறது.

கடைசிபோர்ட்:
தயாராக வேன் ஜோன் இருக்கும்போது புதிது எதற்கு! அதில் எம்எஸ்எஸ் கிளாம்பிங் (எம்எஸ்எஸ் என்பது ஒரு பாக்கெட்டில் தலைப்புகள் போக வைக்கக்கூடிய தரவின் அளவு, அதைக் குறைத்துவிடுவதுதான் கிளாம்பிங்) ஏற்கனவே டிக் ஆகியிருக்கும், உங்களுடையதில் இருக்காது. ஈதர்நெட்டில் ஒரு பாக்கெட் அதிகபட்சம் 1500 பைட், பிபிபிஓஇ அதில் 8 பைட்டை எடுத்துக்கொள்வதால் மிச்சம் 1492. லேப்டாப்புக்கு இது தெரியாது, 1460 எம்எஸ்எஸ் என்று சொல்லிவிடும், எதிர்முனையும் முழு 1500க்கு அனுப்பும். வழியில் அது நுழையாதபோது "பெரிதாக இருக்கிறது" என்று ஐசிஎம்பி (ICMP, நெட்வொர்க் பிழைச் செய்தி) தகவல் அனுப்பிய தளத்துக்குத் திரும்பிப் போக வேண்டும், அதைத் தடுத்து வைத்திருக்கும் தளங்கள்தான் இப்படித் தொங்கும். பிங் பாக்கெட் சின்னது, தப்பித்துவிடும். கிளாம்பிங் அந்த 1460ஐ 1452 ஆக்கிவிடும், அவ்வளவுதான். இன்டர்ஃபேஸை வேன் ஜோனுக்கே மாற்றிவிடுங்கள். அப்புறம், நீங்கள் உருவாக்கிய ஜோனில் இன்புட் அக்செப்ட் (வெளியிலிருந்து ரௌட்டருக்கு வருவதை ஏற்பது) என்று இருந்தால் உங்கள் லாகின் பக்கம் ஊருக்கே திறந்து கிடக்கும், அந்த ஜோனை முதலில் அழித்துவிடுங்கள்.

மின்மினி:
மாற்றினேன், எல்லாம் திறக்கிறது, அந்த ஜோனையும் அழித்துவிட்டேன். நன்றி! வைஃபைக்குப் பழைய ரௌட்டரையே மாட்டலாமா?

பழையஇரும்பு:
தாராளமாக. அதற்கு 192.168.10.2 கொடுத்து, அதன் டிஹெச்சிபியை (DHCP, தானாக ஐபி கொடுக்கும் வசதி) அணைத்துவிட்டு, கேபிளை அதன் லேன் போர்ட்டில் சொருகுங்கள். வேன் போர்ட்டில் சொருகினால் டபுள் நாட் (இரண்டு ரௌட்டரிலும் நாட்) ஆகிவிடும்.