புதுப்பிப்பு: நெல்லைக்குக் கல்யாணத்துக்கு வருகிறவர்களுக்கு

தங்கை கல்யாணத்துக்கு வெளியூரிலிருந்து வருகிறவர்கள் எங்கே இறங்குவது, எங்கே தங்குவது என்று போன வாரம் எழுதியிருந்தேன். அதில் ஒரு திருத்தம். மண்டபம் டவுனில்தான்; ஆனால் அறைகள் ஜங்ஷன் பக்கம் மாறிவிட்டன.

முகூர்த்தம் காலை 6 மணிக்கு. சென்னையிலிருந்து நெல்லை எக்ஸ்பிரஸ் காலையில்தான் வந்து சேரும். கல்யாணத்தன்று வந்து இறங்கினால் தாலி கட்டுவதைப் பார்க்க முடியாது, முந்தின நாளே வந்துவிடுங்கள். மதுரை பஸ் என்றால் வேய்ந்தான்குளம் புதிய பேருந்து நிலையம். அங்கிருந்து ஜங்ஷனுக்கு டவுன் பஸ் உண்டு. வயதானவர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம், போன் செய்யுங்கள், நானே வண்டியோடு வந்து நிற்கிறேன்.

அப்புறம், அல்வா. நெல்லையப்பர் கோயில் எதிரே இருட்டுக்கடை சாயங்காலம்தான் திறக்கும். சூடாக வாங்கினால் விரலெல்லாம் நெய். மாப்பிள்ளை அழைப்புக்கு முன்னாலேயே போய் வரிசையில் நின்றுவிடுங்கள்.