மெடிக்கல் கார்டு இருந்தும் மருந்துக்குக் காசு கேட்கிறார்களா?

கவுண்டர் அக்கா (செந்தூல்):
மலேசியாவில் தனியார் மருத்துவமனை மருந்தகத்தில் ஓயாமல் விழும் கேள்வி இது. கார்டு, அதாவது மருத்துவக் காப்புறுதி அட்டை, மருந்தின் விலையைப் பார்ப்பதில்லை. எங்கே கொடுத்தார்கள், எதற்குக் கொடுத்தார்கள் என்றுதான் பார்க்கும். நிமோனியாவுக்கு வார்டில் ஏற்றிய ஆண்டிபயாட்டிக், காப்புறுதி நிறுவனம் மருத்துவமனைக்குத் தரும் உத்தரவாதக் கடிதத்திலேயே அடங்கிவிடும். வார்டில் சேராமல் அதையே மாத்திரையாக வெளிநோயாளி கிளினிக்கில் வாங்கினால் சாதாரண கார்டு கட்டாது. வார்டில் படுக்காமலே பெரும்பாலான கார்டுகள் ஏற்பவற்றில் முக்கியமானவை புற்றுநோய் சிகிச்சையும் டயாலிசிஸும். அதிலும் கீமோவுக்குத் தகராறு குறைவு. தமொக்சிஃபென் மாதிரி வருடக்கணக்கில் விழுங்கும் ஹார்மோன் மாத்திரைக்குத்தான் இழுபறி. முதல் பெட்டி வாங்கும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.

வீடு திரும்பும்போது தரும் பையையும் பிரித்துப் பாருங்கள். பெட்டியில் எம்ஏஎல் என்று தொடங்கும் பதிவு எண் இருக்கும். இலக்கங்கள் முடிந்ததும் ஓர் எழுத்து: ஏ என்றால் கட்டுப்பாட்டு மருந்து, எக்ஸ் என்றால் சீட்டில்லாமல் வாங்கக்கூடியது, என் (N) என்றால் சத்து மாத்திரை, டி (T) என்றால் பாரம்பரிய மருந்து. முட்டி அறுவை முடிந்தவர் பையில் வலி மாத்திரையும் வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோலும் கார்டில் போகும். கூடவே என் (N) எழுத்தில் ஒரு டப்பா இருந்தால் அது பெரும்பாலும் உங்கள் கணக்கில்தான் விழும். ஏ இருந்தாலே போதும் என்றும் நம்ப வேண்டாம். எடை குறைக்க எழுதிய செமகுளூடைட் ஏ வகைதான், ஆனாலும் அந்த கிளேம் ஏற்கப்படாமல் திரும்பி வரும்.

கிளேம் தம்பி (பட்டர்வொர்த்):
அக்கா சொன்ன பைக்கு அப்புறம் நாள் கணக்கு. டிஸ்சார்ஜுக்குப் பின் வாங்கும் மருந்துக்குத் திட்டத்தைப் பொறுத்து 60 நாள், 90 நாள் என்று கெடு உண்டு. அடுத்த அப்பாயின்ட்மென்ட்டிலிருந்து இல்லை, டிஸ்சார்ஜ் தேதியிலிருந்து எண்ணணும்.

"மருந்து: 480 வெள்ளி" என்று ஒரே வரியில் இருக்கும் ரசீதை அனுப்பாதீங்க, திரும்பி வரும். மருந்தின் பெயர், அளவு, எத்தனை மாத்திரை, ஒவ்வொன்றின் விலை எல்லாம் தனித்தனியா வேணும். டாக்டர் கடிதத்தில் உள்ள நோயும் அட்மிஷன் நோயும் ஒத்துப்போகணும். வயிற்றுவலிக்குப் படுத்தவர் தோல் களிம்பு ரசீதையும் சேர்த்தால் அந்த வரி மட்டும் வெட்டப்படும்.

புது பாலிசியா? விபத்தைத் தவிர மற்றதுக்கு முதல் 30 நாள் காத்திருப்பு. இனிப்பு நீர், ரத்தக் கொதிப்பு, சிறுநீரக அல்லது பித்தக் கல், மூலம், ஹெர்னியா போன்றவைக்கு 120 நாள். செப்டம்பர் 2024 முதல் வந்த, பில்லில் ஒரு பகுதியை நீங்களே கட்டும் பங்குக் கட்டணத் திட்டம் என்றால் குறைந்தது 5 விழுக்காடோ முதல் 500 வெள்ளியோ உங்கள் பொறுப்பு. 8,000 வெள்ளி பில்லில் 5 விழுக்காடு 400. அவசரச் சிகிச்சைக்கும் அரசாங்க மருத்துவமனைக்கும் இது கிடையாது. முகவர்கள் இதைச் சொல்ல மறக்கலாம்.

ஜார்ஜ் டவுன் எம்ஏ (அரசாங்கக் கிளினிக் மருத்துவ உதவியாளர்):
கொதிப்புக்கும் இனிப்பு நீருக்கும் ஆயுள் முழுக்க மாத்திரை. சாதாரண கார்டு அதைத் தாங்காது, அரசாங்கச் சுகாதார கிளினிக்கான கிளினிக் கெசிஹாத்தான்தான் வழி. குடிமக்களுக்கு அங்கே 1 வெள்ளி, அரசாங்க ஸ்பெஷலிஸ்ட் கிளினிக்கில் 5 வெள்ளி, மருந்தும் அதிலேயே. ஆனால் சுகாதார அமைச்சின் பட்டியலில் உள்ள மருந்துதான் கிடைக்கும். அந்தப் பட்டியலின் வகைகள் பெட்டியிலுள்ள எழுத்து அல்ல, வேறு: பி வகையை எங்கள் டாக்டரே எழுதலாம். ஏ நட்சத்திரம் என்றால் ஸ்பெஷலிஸ்ட்தான் தொடங்கணும், அதுவும் குறிப்பிட்ட நோய்க்கு மட்டும். அதனால் தனியாரில் புது மாத்திரை எழுதும்போதே "இது அரசாங்கப் பட்டியலில் இருக்கா டாக்டர்?" என்று கேளுங்கள். பிராண்ட் பெயர் மட்டும் உள்ள கடிதம் எங்களைத் தேட வைக்கும். மூலப்பெயரும் மில்லிகிராமும் எழுதி வாங்குங்கள்.

பினாங்கு அரசாங்க மருத்துவமனைச் சீட்டோடு கேஎல்லில் (கோலாலம்பூரில்) மகள் வீட்டில் தங்குகிறவர்கள் எஸ்பியூபி, அதாவது வேறு அரசாங்க இடத்தில் மருந்து எடுக்கும் ஏற்பாடு, என்று கேட்டால், மீதி மாத மருந்தை அங்குள்ள அரசாங்கக் கிளினிக்கிலேயே எடுக்கலாம். மாத்திரை தீர்ந்த அன்று வந்து கேட்டால் ஸ்டாக் இருக்காது, முன்கூட்டியே சொல்லணும். பழைய பெட்டியைத் தூக்கிப் போடாமல் கையோடு கொண்டு வாங்க.