ஜெனரேட்டரில் ஃப்ரீசர் ஓட்ட ஸ்டெபிலைசர் போதாதா?

முட்டம்_மீன்கடை: கடையில் 2 கேவிஏ பெட்ரோல் ஜெனரேட்டர் இருக்கிறது, 2017-ல் ஒக்கி புயல் அடித்து நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் பட்ட பாட்டில் வாங்கியது. இப்போது ஃப்ரீசரைப் போட்டதும் வோல்டேஜ் 170-க்கு விழுந்து கம்ப்ரசர் முனகுகிறது. வீட்டில் ஸ்டெபிலைசர் ஒன்று சும்மா கிடக்கிறது, அதை நடுவில் மாட்டினால் தீர்ந்ததுதானே? வயர்மேன் வேண்டாம் என்கிறார்.

தக்கலை_வைண்டிங்: அவர் சொன்னதுதான் சரி அண்ணே. தெரு டிரான்ஸ்ஃபார்மர் பெரிசு, உங்கள் ஃப்ரீசர் கூடுதலாக இழுப்பது அதற்குத் தெரியவே தெரியாது. ஜெனரேட்டர் அப்படியில்லை. 170-ஐ 230 ஆக்க ஸ்டெபிலைசர் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுதல் ஆம்பியரை ஜெனரேட்டரிலிருந்துதான் எடுக்கும், ஏற்கெனவே திணறுகிற இஞ்சின் இன்னும் படுக்கும், வோல்டேஜ் இன்னும் விழும், ஸ்டெபிலைசருக்குள் இருக்கிற ரிலே சுவிட்ச் டக் டக்கென்று அடித்துக்கொண்டே இருக்கும்.

குளச்சல்காரன்: மக்கா, கணக்கெல்லாம் சரிதான், எங்கள் வீட்டில் வருசக்கணக்காக இப்படித்தான் ஓடுகிறது. குறைந்தால் ஆக்சிலேட்டர் ஸ்க்ரூவை அரைச்சுற்று திருப்பு, ஏறிவிடும்.

தக்கலை_வைண்டிங்: உங்களுடையது எத்தனை கேவிஏ என்று சொல்லவில்லையே? 5 கேவிஏவில் ஒரு ஃப்ரிட்ஜ் மட்டும் ஓட்டினால் ஸ்டெபிலைசர் இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். ஸ்க்ரூவைத் தொடவே வேண்டாம். இந்தச் சின்ன இஞ்சின் பெரும்பாலும் நிமிடத்துக்கு 3000 சுற்றில் ஓடினால்தான் வீட்டு கரண்ட் மாதிரி 50 ஹெர்ட்ஸ் வரும். சுமையோடு ஸ்க்ரூவைத் திருப்பி வேகத்தைக் கூட்டி வைத்தால், கம்ப்ரசர் நின்ற நொடியில் வோல்டேஜ் எகிறி, கூட ஓடுகிற டிவியும் பல்பும் போகும். குறைந்தாலும் வினைதான்: 170-ல் மோட்டாருக்கு இழுவை பாதிக்குச் சற்று மேல்தான் கிடைக்கும், கிளம்ப முடியாமல் நின்றபடி கரண்ட் குடித்து வைண்டிங் (மோட்டாரின் கம்பிச் சுருள்) கருகும். அந்த நாற்றம் எங்கள் கடைக்கு மழைக்காலத்தில் தவறாமல் வரும்.

முட்டம்_மீன்கடை: சரி, அப்போ என்ன செய்ய? புதுசு வாங்கக் காசில்லை.

மார்த்தாண்டம்_ஏசி: முதலில் வயரைப் பாருங்கள். 0.5 ஸ்கொயர் எம்எம் வயர் 30 மீட்டர் இழுத்தால், கிளம்பும்போது 20 ஆம்பியர் என்று வைத்தால்கூட 47 வோல்ட் வயரிலேயே போகும். 2.5 போட்டால் பத்துக்குள் நிற்கும். அப்புறம் 180-க்குக் கீழே துண்டித்து, மூன்று நிமிடம் கழித்துச் சேர்க்கிற வோல்டேஜ் கட்ஆஃப் மாட்டுங்கள், கேஸ் அழுத்தம் சமமாகாமல் கம்ப்ரசர் கிளம்பக்கூடாது. முதலில் ஃப்ரீசர், பிறகுதான் ஃபேன், லைட். தண்ணி மோட்டார் கூடவே கூடாது.

குளச்சல்காரன்: கட்டாகிக்கொண்டே இருந்தால் மீன் அழுகாதா? கம்ப்ரசரைக் காப்பாற்றி மீனைத் தொலைப்பதா?

தக்கலை_வைண்டிங்: அப்படிக் கட்டானால் அந்த ஜெனரேட்டர் அந்த ஃப்ரீசருக்குப் போதாது. ஐஸ் வாங்கிப் போடுங்கள், கம்ப்ரசர் விலையில் எத்தனை பார் வரும்!

முட்டம்_மீன்கடை: வயர் மெலிசுதான். சத்தத்துக்காகப் பின்பக்கம் தள்ளி வைத்தது. கடைக்குள் கொண்டுவந்தால் நீளம் குறையுமே?

மார்த்தாண்டம்_ஏசி: ஐயோ, உள்ளே வேண்டாம், புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது, ஆளே போய்விடும். அங்கேயே இருக்கட்டும், வயரை மாற்றுங்கள்.