ஆன்லைன்ல இலவசமா இங்கிலீஷ் கத்துக்கிட்டவங்க, இன்னும் மனசை விட்டுப் போகாத ஒரு சம்பவம் சொல்லுங்க

நிலாமுற்றம்:
8 மாசம் பிபிசியோட ‘6 மினிட் இங்கிலீஷ்’ விடாம கேட்டேன், டிரான்ஸ்கிரிப்டைக் கண்ணு முன்னாடி வெச்சுக்கிட்டு. அப்புறம் ஒரு போன் இன்டர்வியூ. அந்தம்மா முதல்ல கேட்டது, "ஹவ்ஸ் யுவர் டே பீன் ஸோ ஃபார்?" என் காதுல ‘ஸோஃபா’ன்னு விழுந்துச்சு. எதுக்கு ஸோஃபாவைப் பத்திக் கேக்குறாங்கன்னு யோசிச்சுக்கிட்டே இருந்துட்டேன். "ஆர் யூ ஸ்டில் தேர்?"னாங்க. கோபமே இல்லாம, அக்கறையா. அதான் இன்னும் வலிக்குது. 8 மாசமா நான் காதைப் பழக்கவே இல்ல, கண்ணால படிச்சிருக்கேன்.

வெள்ளைத்தாள்:
டிரான்ஸ்கிரிப்ட் மேல பழி போடாதீங்க. எனக்கு நேர் எதிர். கட்டுரை கட்டுரையா படிச்சேன், எதையும் காதால கேட்டதில்ல. மீட்டிங்ல ‘ரெசிப்ட்’னு நாலு தடவை சொன்னேன். எதிர்ல இருந்தவர் திருத்தல, பதில் சொல்லும்போது மெதுவா ‘ரிசீட்’னு மட்டும் சொன்னார். அன்னிக்கு ராத்திரி, ஒரு வார்த்தையை யூடியூப் வீடியோக்கள்ல எப்படிச் சொல்றாங்கன்னு தேடிக் காட்டுற யூகிளிஷ் தளத்துல அந்த வார்த்தையைப் போட்டு வீடியோ வீடியோவா கேட்டேன். ஒருத்தர்கூட அந்த ‘ப்’பைச் சொல்லல.

கரையோரம்:
ரெண்டு பேரும் வரிசையைத்தான் தப்பாப் பிடிச்சிருக்கீங்க. எனக்கும் ஒருதடவை ஆபீஸ்ல வாய் அடைச்சுப்போச்சு, அது இருக்கட்டும். டிரான்ஸ்கிரிப்டை மூடி வெச்சுட்டு ரெண்டு தடவை கேளுங்க. பிடிபடாத இடத்தைக் காதுல விழுந்தபடி தமிழ்லயே எழுதுங்க, ‘ஸோஃபா’ன்னா ‘ஸோஃபா’ன்னே. அப்புறம் திறந்து பாருங்க. எழுதினதுக்கும் அங்க இருக்கறதுக்கும் நடுவுலதான் உங்க பாடம் இருக்கு. பிபிசி வேகமா இருந்தா வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவோட பழைய ஒலிப்பதிவுகளைத் தேடுங்க. 1959ல ‘ஸ்பெஷல் இங்கிலீஷ்’னு தொடங்கினாங்க, சுமார் 1500 வார்த்தைக்குள்ள, சின்னச் சின்ன வாக்கியமா, நிதானமா வாசிப்பாங்க. யூடியூப்ல 0.75 வேகம் வைக்கிறதும் இதுவும் ஒண்ணில்ல. அங்க குரல் இழுபடும், இங்க மனுஷரே நிறுத்திப் பேசுறார். புது வார்த்தைகளை ஆன்கிங்கற ஞாபக அட்டை ஆப்ல போட்டு வைங்க, ஆனா தனி வார்த்தையா வேண்டாம், கேட்ட வாக்கியத்தோட போடுங்க. நல்லா ஞாபகம் இருக்கறது தள்ளிப்போய் வரும், தடுமாறுறது சீக்கிரமே திரும்ப வந்து நிக்கும். அப்புறம் உங்க குரலைப் பதிவு பண்ணி நீங்களே கேளுங்க. முதல் வாரம் கஷ்டமா இருக்கும், விடாதீங்க.

தும்பைப்பூ:
கரையோரம் அண்ணா, அவங்க வழி கேக்கலையே, நடந்ததைத்தானே சொன்னாங்க. அந்த வாய் அடைச்ச கதையை நீங்க சொல்லியிருக்கலாம்.

என்னோடது மொழிப் பரிமாற்ற ஆப். அவங்களுக்குத் தமிழ் வேணும், எனக்கு இங்கிலீஷ். பத்து நாளா ‘ஹவ் ஆர் யூ’வைத் தாண்டல. ஒருநாள் அவங்க கேட்டாங்க, ‘நாம’, ‘நாங்க’ ரெண்டுமே ‘வி’தானே, எதுக்கு ரெண்டுன்னு. எனக்குப் பொறுக்கல. கேக்குறவங்களையும் சேர்த்துக்கிட்டா ‘நாம’, சேர்க்கலைன்னா ‘நாங்க’ன்னு விளக்க ஆரம்பிச்சேன். நாம சாப்பிடலாம்னா நீங்களும் வரலாம், நாங்க சாப்பிடுறோம்னா உங்களுக்கு இலை கிடையாதுன்னேன். "ஓ! ஸோ யூ கேன் லீவ் மீ அவுட்!"னு அவங்க கத்தினப்பதான் மணியைப் பார்த்தேன். 20 நிமிஷம் இங்கிலீஷ்ல பேசியிருக்கேன். டென்ஸ் எத்தனை இடத்துல தப்பாச்சோ, அவங்களுக்குப் புரிஞ்சிருந்துச்சு.

அடுத்த வாரத்திலிருந்து அவங்க கணக்கே காணோம். நன்றி சொல்லி நாலு வரி எழுதி வெச்சிருந்தேன், அனுப்ப முடியல.