‘திருக்கை’ கடற்கண்ணி எல்லா ஆட்டத்திலும் நீர்மூழ்கியை அழித்துவிடுகிறது: விதியில் எங்கே பிழை?

கேள்வி: ஹட்டன் ஆசிரியர்

வணக்கம். ஹட்டனுக்கு அருகிலுள்ள தோட்டப் பாடசாலை ஒன்றில் விஞ்ஞானம் கற்பிக்கிறேன். ஒலி பற்றிய பாடம் பிள்ளைகளின் மனத்தில் பதிய வேண்டும் என்பதற்காக, பத்தாம், பதினோராம் தர மாணவர்களுடன் சனிக்கிழமை மாலைகளில் ஆடுவதற்கென்று ஒரு கடற்போர் ஆட்டத்தை எழுதினேன். பழைய நாட்காட்டித் தாள்களின் பின்புறத்தில் ஒரு கற்பனைக் கடலை வரைந்திருக்கிறோம். அதன் நடுவே 12 கிலோமீற்றர் அகலமும் 600 மீற்றர் ஆழமும் கொண்ட நீரிணை உள்ளது. ஒரு சதுரம் ஒரு கிலோமீற்றர். ஒரு சுற்று பத்து நிமிடம்.

நீரிணையைக் காப்பது வெண்சங்குத் தீவு என்ற கற்பனை நாட்டின் கடற்படை. அதனிடம் ‘திருக்கை’ என்று நாங்கள் பெயரிட்ட கடற்கண்ணிகள் ஆறு இருக்கின்றன. மணலில் புதைந்து கிடந்து, நெருங்கியவரை வாலால் கொட்டும் திருக்கை மீனைப் போல, இந்தக் கண்ணி கடலடியில் நங்கூரமிட்டுக் காத்திருக்கும். நீர்மூழ்கிக் கப்பலின் ஓசை கேட்டதும் தன் உறைக்குள் இருக்கும் டோர்பிடோவை ஏவும். ஐந்து சதுரத் தூரம் வரை அதற்குக் கேட்கும் என்றும், ஏவப்பட்ட டோர்பிடோ சுற்றுக்கு மூன்று சதுரம் துரத்தும் என்றும் விதி வைத்தேன். நீர்மூழ்கி சுற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு சதுரம் நகரலாம்.

நான்கு ஆட்டங்கள் ஆடிவிட்டோம். நான்கிலும் நீர்மூழ்கி நீரிணையின் வாயிலிலேயே அழிந்துவிட்டது. ஓர் ஆட்டத்தில் திருக்கை சரக்குக் கப்பல் ஒன்றையும் தாக்கிவிட்டது. நீர்மூழ்கியை ஓட்டும் பிள்ளைகள் சோர்ந்துபோயிருக்கிறார்கள். எதைத் திருத்த வேண்டும் என்று அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

மறுமொழி: நுவரெலியா வாசகர்

டோர்பிடோ இலக்கைத் தாக்கியதா இல்லையா என்பதைத் தாயக்கட்டை உருட்டி முடிவு செய்யுங்கள். ஆறு விழுந்தால் மட்டுமே தாக்கியதாகக் கொள்ளலாம்.

ஹட்டன் ஆசிரியர்

நன்றி. அதை நானும் யோசித்தேன். ஆனால் காரணம் தெரியாமல் தப்பிய பிள்ளை எதையும் கற்றுக்கொள்வதில்லை. ஏன் தப்பினோம் என்று அவர்கள் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

மறுமொழி: பண்டாரவளை வாசகி

ஆசிரியர் அவர்களுக்கு, உங்கள் திருக்கைக்கு உண்மையில் ஒரு மூத்த உறவு இருக்கிறது. அமெரிக்கக் கடற்படை 1979ஆம் ஆண்டில் சேவையில் சேர்த்த ‘மார்க் 60 கப்டர்’ என்ற கண்ணி, ‘மார்க் 46’ என்னும் இலகுரக டோர்பிடோவை ஓர் உறைக்குள் வைத்து ஆழ்கடலில் நங்கூரமிட்டுக் காத்திருக்கும் வகையில் அமைக்கப்பட்டது. மேலே செல்லும் கப்பல்களை விட்டுவிட்டு நீர்மூழ்கிகளை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். ஆகவே சரக்குக் கப்பலைத் தாக்கும் விதியை முதலில் நீக்கிவிடுங்கள்.

இத்தகைய கண்ணியை ஏன் உருவாக்கினார்கள் என்பதை உங்கள் நீரிணையைக் கொண்டே கணக்கிட்டுப் பார்க்கலாம். தொட்டால் வெடிக்கும் பழைய வகைக் கண்ணிகளை 50 மீற்றருக்கு ஒன்றாக வைத்தாலும், ஓர் ஆழத்தில் ஒரு வரிசைக்கு மட்டும் 240 கண்ணிகள் தேவை. நீர்மூழ்கி வேறு ஆழத்தில் போகலாம் என்பதால் ஒரு வரிசையும் போதாது. 1918இல் ஸ்கொட்லாந்துக்கு வடக்கேயுள்ள ஓர்க்னி தீவுகளுக்கும் நோர்வேக்கும் இடையில் ஜெர்மன் நீர்மூழ்கிகளை மறிப்பதற்கு ஏறத்தாழ 70,000 கண்ணிகள் இடப்பட்டன. கப்டருக்குக் குறிப்பிடப்படும் கண்டறியும் தூரமோ சுமார் ஒரு கிலோமீற்றர். அதாவது ஒரே கண்ணி இரண்டு கிலோமீற்றர் அகலத்தைக் காக்கிறது.

உங்கள் பிழை இங்கேதான் இருக்கிறது. ஐந்து சதுரம் கேட்கும் கண்ணி ஒவ்வொன்றும் பத்துக் கிலோமீற்றர் அகலத்தைக் காக்கும்போது, 12 கிலோமீற்றர் வாயிலில் ஆறு கண்ணிகளை வைத்துவிட்டு நீர்மூழ்கியை எங்கே போகச் சொல்கிறீர்கள்? கேட்கும் தூரத்தை ஒரு சதுரமாகக் குறைத்தாலும் ஆறு கண்ணிகள் வாயிலை முழுவதும் அடைத்துவிடும். நான்கு மட்டும் கொடுங்கள். அப்போது நான்கு கிலோமீற்றர் இடைவெளி எங்கோ மிஞ்சும். அது எங்கே என்பது நீர்மூழ்கிக்குத் தெரியாது.

துரத்தும் விதியும் வேண்டாம். மார்க் 46 டோர்பிடோ மணிக்கு 40 கடல் மைலுக்கு மேற்பட்ட வேகத்தில் செல்லக் கூடியது. அந்த வேகத்தில் ஒரு கிலோமீற்றரைக் கடக்க ஏறத்தாழ 49 வினாடிகளே ஆகும். உங்கள் சுற்றோ பத்து நிமிடம். ஏவிய சுற்றிலேயே முடிவு தெரிந்துவிட வேண்டும். நீர்மூழ்கி தப்பிக்க வேண்டுமானால், கண்ணி கேட்பதற்கு முன்பே தப்பிக்க வேண்டும்.

மறுமொழி: தலவாக்கலை, ஓய்வுபெற்ற கப்பல் ஊழியர்

தம்பி, சரக்குக் கப்பல்களில் நீண்ட காலம் வேலை செய்தவன் என்ற முறையில் ஒலியைப் பற்றி ஒன்று சொல்கிறேன். இது உங்கள் பாடத்துக்கும் உதவும்.

அதிகாலையில் பள்ளத்தாக்கிலுள்ள கோயில் ஒலிபெருக்கியின் பாட்டு மேற்பிரிவு லயம் வரை தெளிவாகக் கேட்பதையும், அதே பாட்டு நண்பகலில் பாதித் தூரத்திலேயே மங்கிப்போவதையும் உங்கள் பிள்ளைகள் எல்லோரும் அறிவார்கள். ஒலி எப்போதும் தன் வேகம் குறைந்த பக்கத்தை நோக்கி வளையும். குளிர்ந்த காற்றில் அதன் வேகம் குறைவு. விடியற்காலையில் தரையோடு குளிர்ந்த காற்றும் அதற்கு மேலே சற்று வெதுவெதுப்பான காற்றும் இருப்பதால், மேலே போகும் ஒலி மீண்டும் நிலத்தை நோக்கி வளைந்து வருகிறது. வெயில் ஏறித் தரை சூடானதும் அது வானத்தை நோக்கி வளைந்துவிடுகிறது.

கடலிலும் இதுவே நடக்கிறது. அங்கே ஒலி செக்கனுக்குச் சுமார் 1,500 மீற்றர் வேகத்தில் செல்லும். நம்மைச் சூழ்ந்த வெப்பக் கடல்களில் மேற்படை வெதுவெதுப்பாக இருக்கும்; அதற்குக் கீழே வெப்பநிலை விரைவாகக் குறையும். அந்த எல்லையின் கீழே பதுங்கும் நீர்மூழ்கி, மேலே செல்லும் போர்க்கப்பலின் காதுக்கு எளிதில் மறைந்துவிடும்.

ஆனால் அவசரப்பட்டு இதைத் திருக்கைக்கு எதிரான மந்திரமாக எழுதிவிடாதீர்கள். திருக்கை அடியிலிருந்து மேல்நோக்கிக் கேட்கிறது. தலைக்கு நேர் மேலே போகும் நீர்மூழ்கியின் ஒலி செங்குத்தாக இறங்கி வருவதால், இந்த வளைவு அதைப் பெரிதாகப் பாதிப்பதில்லை. தொலைவிலிருந்து சாய்வாக வரும் ஒலியே வளைந்து வழி தவறும். ஒரு சதுரம் சரி, ஐந்து சதுரம் தவறு என்று மேலே அம்மா சொன்னதற்குப் பின்னாலுள்ள காரணங்களில் இதுவும் ஒன்று.

இன்னொன்று, வேகம். மெதுவாகச் செல்லும் நீர்மூழ்கி குறைவாகவே ஓசை எழுப்பும். சுற்றுக்கு இரண்டு சதுரம் நகர்ந்தால் பக்கத்துச் சதுரத்துக் கண்ணிக்கும் கேட்கட்டும். ஒரு சதுரம் நகர்ந்தால் அதே சதுரத்துக் கண்ணிக்கு மட்டும் கேட்கட்டும். பொறுமையாகப் போகும் பிள்ளைக்கு வழி பிறக்கும். ஆனால் மெதுவாகப் போனால் சுற்றுகள் கூடும் என்பதால், மொத்தச் சுற்றுகளுக்கு ஓர் எல்லையும் வையுங்கள்.

ஹட்டன் ஆசிரியர்

ஐயா, கோயில் ஒலிபெருக்கி உதாரணத்தை வகுப்பில் சொன்னபோது பிள்ளைகளின் முகம் மலர்ந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நான்கு கண்ணிகளுடனும் புதிய வேக விதியுடனும் நேற்று மூன்று ஆட்டங்கள் ஆடினோம். ஒன்றில் நீர்மூழ்கி கடந்துவிட்டது, இன்னொன்றில் அழிந்தது. மூன்றாவது ஆட்டத்தில்தான் புதிய சிக்கல் வந்தது. வெண்சங்குத் தீவின் சொந்த நீர்மூழ்கியையே திருக்கை தாக்கிவிட்டது. தன் கப்பலை அது அடையாளம் காணும் என்று விதி வைக்கலாமா?

தலவாக்கலை, ஓய்வுபெற்ற கப்பல் ஊழியர்

வைக்காதீர்கள், தம்பி. கண்ணிக்குக் கொடி தெரியாது. ஓசை மட்டுமே தெரியும். கண்ணி இட்டவர்கள் இட்ட இடங்களைக் குறித்துவைத்து, தங்கள் கப்பல்களை அந்தப் பகுதிக்குள் விடாமல் காக்க வேண்டும். ஆட்டம் தொடங்குமுன் கண்ணிகளின் இடங்களை எழுதி உறையில் ஒட்டி உங்களிடம் தரச் சொல்லுங்கள். தன் நீர்மூழ்கியை அங்கே அனுப்பினால் அந்த இழப்பு அனுப்பியவருடையதே.

மறுமொழி: பதுளை வாசகர்

சட்டத்தையும் சேர்த்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். 1907ஆம் ஆண்டின் எட்டாவது ஹேக் உடன்படிக்கை, குறி தவறிய பின் தீங்கற்றதாகிவிடாத டோர்பிடோவைப் பயன்படுத்துவதைத் தடைசெய்கிறது. நங்கூரமிட்ட கண்ணிகளை இடுவோர் அமைதியான கப்பல் போக்குவரத்தின் பாதுகாப்புக்கு இயன்ற முன்னெச்சரிக்கை அனைத்தையும் எடுக்க வேண்டும் என்றும் கூறுகிறது. இது நமக்குத் தொலைவான செய்தியல்ல. 1917 பெப்ரவரியில் ஜெர்மனியின் ‘வொல்ஃப்’ என்ற கப்பல் கொழும்புக்கு வெளியே இட்ட கண்ணிகளில் சிக்கி ‘வூஸ்டர்ஷயர்’, ‘பெர்சியஸ்’ என்னும் இரண்டு வணிகக் கப்பல்கள் மூழ்கின. நம் மலையகத் தேயிலை கப்பலேறிய துறைமுகத்தின் வாசலிலேயே அது நடந்தது. வெண்சங்குத் தீவு அபாயப் பகுதியை அறிவித்தாக வேண்டும் என்றும், ஆனால் கண்ணிகளின் சரியான இடத்தைச் சொல்ல வேண்டியதில்லை என்றும் விதி வையுங்கள்.

ஹட்டன் ஆசிரியர்

அறிவிப்பு விதியைச் சேர்த்துவிட்டேன். அதைப் படித்த பதினோராம் தர மாணவி ஒருத்தி கேட்ட கேள்விக்கு என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை: “திருக்கை மேலே போகும் கப்பலை விட்டுவிடும் என்றால், சரக்குக் கப்பலின் அடியிலேயே அதன் வேகத்தில் நீர்மூழ்கியை ஓட்டிச் சென்றால் என்ன, சேர்?”

பண்டாரவளை வாசகி

அந்த மாணவிக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள். பெரிய கப்பலின் சுழலி எழுப்பும் இரைச்சல் அடியிலுள்ள நீர்மூழ்கியின் மெல்லிய ஓசையை மூடிவிடக் கூடும்; ஆகவே அவளுடைய யோசனைக்கு இடம் கொடுங்கள். ஆனால் சரக்குக் கப்பல் வேகமாகப் போகும். அதனோடு ஒட்டிச் செல்ல நீர்மூழ்கியும் வேகத்தைக் கூட்ட வேண்டும். கூட்டினால் அதன் சொந்த ஓசையும் கூடும். ஒரே சதுரத்தில் இருக்கும் சுற்றுக்கு மட்டும் மறைவு கிடைக்கட்டும். கப்பல் அடுத்த சதுரத்துக்கு முந்திச் சென்றுவிட்டால், இரண்டு சதுர வேகத்துக்குரிய ஓசை விதி அந்தச் சுற்றிலேயே நடைமுறைக்கு வரட்டும்.