புதுப்பிப்பு: அக்கா மகனின் ஆக்சிமீட்டர்

முந்தைய பதிவைப் படிக்காதவர்களுக்கு: பினாங்கில் படிக்கும் என் அக்கா மகன், ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று காட்ட விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் ஒன்றைச் செய்து வருகிறான். கறுத்த தோலிலும் அது சரியாகக் காட்ட வேண்டும் என்பது அவன் பிடிவாதம். கறுப்பின நோயாளிகளிடம் இந்த வகைக் கருவி ஆக்சிஜன் குறைவைத் தவறவிடுவது வெள்ளையர்களைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு என்று 2020-ல் ஓர் அமெரிக்க ஆய்வு சொன்னது. நம் வீட்டு விரல்களைப் பார்த்தாலே அவன் கவலை புரியும்.

சரி, இப்போதைய நிலவரம். கருவி காட்டிய அளவு தாறுமாறாகக் குதித்துக்கொண்டிருந்தது; அதற்குக் காரணம் சிக்கிவிட்டது. 660 நானோமீட்டர் சிவப்பு, 940 நானோமீட்டர் அகச்சிவப்பு என இரண்டு ஒளியை விரல் எந்த விகிதத்தில் உறிஞ்சுகிறது என்பதுதான் கணக்கே. கிளிப்பின் ஓரத்தில் ட்யூப்லைட் வெளிச்சம் கசிந்து அந்தக் கணக்கைக் கெடுத்திருக்கிறது. கறுப்பு ரப்பர் ஒட்டியதும் திரையில் நாடித்துடிப்பின் அலை ஒழுங்காக ஏறி இறங்கியது. அப்புறம் அக்கா விரலை நீட்டினாள். கருநீல நகப்பூச்சு! மறுபடியும் குளறுபடி.

பெரிய அடி வேறு. நோயாளிகளிடம் சோதிக்க நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது. பையனுக்குச் சோறு இறங்கவில்லை. ஒப்பிட்டுப் பார்க்கத் தமனி ரத்தப் பரிசோதனை (தமனியிலிருந்து ரத்தம் எடுத்து ஆக்சிஜனை நேரடியாக அளப்பது) எங்கே என்று கேட்டிருந்தார்கள். எனக்கென்னவோ அது நியாயமாகத்தான் பட்டது. இப்போது பேராசிரியர் ஒருவர் உதவியோடு திருத்தி எழுதுகிறான்.

எப்போது வாங்கலாம் என்று கேட்டவர்களுக்கு: மலேசியாவின் மருத்துவச் சாதனச் சட்டம் 2012-ன்படி பதிவு செய்யாமல் விற்க முடியாது. ஆர்டர் எதுவும் எடுக்கவில்லை.